சிங்கத்தின் குரல்

சிறுவயதில் வாப்பாவின் கரம்பற்றித் திரையரங்கில் அமர்ந்திருந்தோம். எம்.ஜி.எம். என்னும் அமெரிக்கப் படநிறுவனத்தின் முத்திரைச் சிங்கம் திரையில் கர்ஜித்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டோம்.

1924இல் ஊமைப்படங்களின் முகப்பில் ஓசையின்றித் தோன்றிய சிங்கம் அது. 1928இல் இசைத்தட்டின் வழியே கர்ஜித்தது. 1957இல் லியோ என்னும் சிங்கம் அவ்விடத்திற்கு வந்து பல்லாண்டுகள் நிலைத்தது. 2021இல் கணினியில் உருவாக்கிய சிங்கம் வந்தது.

அதைக் கண்ட பேரன், "இது மெய்யான சிங்கமா?" என்று வினவினான். இல்லையென்று சொல்ல நா எழவில்லை. எண்ணிப் பார்க்குங்கால், அன்று நாம் கேட்டதும் பதிவு செய்த ஒலிதானே! மெய்யாயிருந்தவை நம் அச்சமும், நம்மைப் பற்றியிருந்த வாப்பாவின் கரமுமே.

பேரனின் கரத்தைப் பற்றிக்கொண்டோம்.