நின்று தீர்க்கும் தண்ணீர்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் கரைக்கு ஒரு தனித் தாகம் வந்துவிடும். மேற்கே வயல்வெளிகளைக் கடந்து வரும் அந்த வறண்ட காற்றில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை எங்கும் வீட்டுக்கு வீடு அதற்கொரு வைத்தியம் இருந்தது. எங்கள் மூத்தம்மாவின் வைத்தியம் பழஞ்சோற்றுத் தண்ணி. சின்ன வெங்காயமும் உப்பும் போட்டுக் கரைத்து, வெள்ளாமை வெட்டுகிறவர்களுக்கு வாளியில் அனுப்புவா. "சோடா குடிச்சா வாய்தான் குளிரும் மகன், இது உடம்புக்குள்ள நிக்கும்" என்பா.

அந்த 'நிக்கும்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இரத்தத்தில் உப்பின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளை தாகத்தை எழுப்பிவிடுகிறது. குடித்த நீர் இரத்தத்தில் சேருமுன்பே வாயும் தொண்டையும் 'போதும்' என்று செய்தி அனுப்புகின்றன. குளிர்ந்த நீர் அதை இன்னும் உரத்துச் சொல்லும். ஆனால் அது ஒரு முற்பணம்தான். நீர் உடம்பில் தங்கினால்தான் கணக்குத் தீரும்.

தங்குவதற்கு வழிகாட்டுபவை உப்பும் சர்க்கரையும். சிறுகுடலில் இரண்டும் ஒரே வாசலால் சேர்ந்து நுழைய, நீர் பின்தொடரும். 1971இல் பங்களாதேஷ் யுத்தத்தின்போது, பொங்காவ் அகதி முகாமில் கொலராவால் வாடியவர்களுக்கு டொக்டர் திலீப் மஹலானாபிஸ் இந்தக் கரைசலைப் பருகக் கொடுத்தார். அங்கே நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. நம் மருந்துக்கடை 'ஜீவனி' பக்கற்றில் இருப்பதும் அந்தக் கணக்குத்தான். சோற்றின் மாப்பொருளும் குடலில் சர்க்கரையாகிறது. நோன்புக் கஞ்சி அரிசியும் தேங்காய்ப்பாலும் உப்புமாய் இறங்கி, பகலெல்லாம் வற்றிய உடம்பில் நிதானமாய் நீரைச் சேர்க்கிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு. வயலில் நிற்பவனுக்கு அதோடு ஒரு கல் உப்பும் வேண்டும்.

2016இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் பல பானங்களைக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீரை அளந்தார்கள். பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தண்ணீரைவிட நெடுநேரம் உடம்பில் தங்கின. தேநீருக்கும் கோலாவுக்கும் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசமில்லை. பிளேன்டீ உடம்பை வற்றச் செய்யும் என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போனது.

துணைக்கு வரும் அந்த உப்பே அளவு மீறினால் என்னாகும் என்பதை 2004 டிசம்பர் 26 எங்களுக்குக் காட்டியது. கடல் கிணறுகளுக்குள் இறங்கியது. கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்பு. அவ்வளவு செறிவாய் அதை வெளியேற்றச் சிறுநீரகத்தால் முடியாது, உடம்பிலிருக்கும் நீரையும் சேர்த்துத்தான் இழக்க வேண்டும். உவர்த்த கிணற்று நீரில் போட்ட தேநீரைக் குடித்து முடிக்குமுன்பே மறுபடி தாகம் எடுத்தது. பவுசர் வரும் திசையைப் பார்த்துக் குடங்களோடு நின்றோம்.

எங்கள் மணலடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாய் மிதக்கிறது. கிணற்றைச் சுத்தமாக்குகிறோம் என்று பம்ப் வைத்து இறைக்க இறைக்க, கீழிருந்த உவர் மேலே ஏறியது. மழைக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு மாரி கழிந்த பிறகுதான் எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் நாக்குக்குப் பழைய ருசியில் திரும்பியது.

இப்போது குழாய்நீர் வந்துவிட்டது, போத்தலும் வந்துவிட்டது. வளவுக் கிணறுகள் பல குப்பையால் நிரப்பப்பட்டு மூடப்படுகின்றன. மிச்சமிருப்பவற்றுக்கு அருகிலேயே மலசலகூடக் குழி தோண்டுகிறோம். பெரிய மாரியிலோ பெரும் அழிவிலோ குழாய் ஓய்ந்துபோகும் ஒரு நாளில், அந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தைத்தான் நம் பிள்ளைகள் தேடுவார்கள்.