கோயில்பிள்ளையின் சம்பளம்

ஞாயிறு இரவு.

ஆராதனை முடிந்து கமிட்டி கூடினோம். தேவாலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளைக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. கட்டட நிதியில் பணம் கிடக்கிறது, பொதுக் கணக்கில் இல்லை. "கர்த்தர் பார்த்துக்குவாருங்க, ஜெபத்துல வைப்போம்" என்றார் மூத்தவர் ஒருவர். ஜெபித்தோம், கலைந்தோம். பொருளாளர் நான். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும் என்பது பைக்கை எடுக்கும்போதுதான் உறைத்தது. உள்ளே கோயில்பிள்ளை ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திக்கொண்டிருந்தார். "பார்த்துப் போங்ணா, மழை வருது" என்றார்.

*

செவ்வாய். எங்கள் பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் வாரம், எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட்.

செக்கிங் டேபிளில் ஒரு அக்கா. டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்ததும் அரை நிமிடம் கண்ணை மூடுவார். அப்புறம் முதல் பீஸ். கழுத்துப் பட்டி, தோள், கை, பிறகு உள்பக்கம் திருப்பித் தையல். நிட்டிங் மெஷினில் ஒரே ஒரு ஊசி முறிந்தாலும் துணியில் நெடுக ஒரு கோடு ஓடும். கட்டிங்கில் கண்ணுக்குத் தப்பிய அந்தக் கோட்டை இவர் விரல் பிடித்துவிடும். அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியே போடுவார். அந்த அரை நிமிட ஜெபத்தைப் பற்றிக் கேட்டேன். "ஜெபிச்சாச்சுன்னு பார்க்காம விட முடியுங்களாண்ணா?" என்றார். அன்றைக்கு முழுக்க அதுதான் மனதில் ஓடியது.

*

நான் களக்காட்டுப் பக்கத்துக்காரன். பிழைப்புக்குத் திருப்பூர் வந்தவன். எங்கள் ஊர்ப்பக்கம் யாராவது 'விசுவாசம்' என்றால் அடுத்த வார்த்தை தோனாவூர்தான். அங்கே குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய எமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். பணம் வேண்டும் என்று மனிதர் எவரிடமும் கேட்பதில்லை என்று வைத்திருந்தார். கமிட்டிகளில் இதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். ஆனால், தேவதாசியாகக் கோயிலுக்கு விடப்படவிருந்த குழந்தை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டால் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு இரவிலும் கிளம்பியவர் அவர். அதை யாரும் சொல்வதில்லை.

வேலூரின் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் நேர்மாறு. 1918இல் பெண்களுக்காக அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் எல்.எம்.பி. என்ற டிப்ளமா படிப்புதான். 1938இல் அரசு, இனி எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்றது. கட்டடம், கருவி, பேராசிரியர்கள் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். எழுபது வயதில் 1941இல் அமெரிக்கா போய், சபை சபையாக ஏறி இறங்கிக் கேட்டார். கல்லூரி பிழைத்தது.

இந்த இருவரில் யாருக்கு விசுவாசம் அதிகம் என்ற வாதம் எனக்கு வேண்டாம். குழந்தையின் பாலையும் நோயாளியின் கட்டிலையும் கர்த்தர் தலையில் கட்டிவிட்டு இருவரும் வீட்டுக்குப் போய்விடவில்லை.

*

இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியாவின் நினைவும் வருகிறது. 1903இல் திருநெல்வேலியில் அதைத் தொடங்கியபோது நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று நின்றவர்கள் அவர்கள். ஊழியத்துக்கென்று பிடி பிடியாக அரிசி எடுத்து வைக்கும் பிடியரிசிக் கலயம் ஒன்று எங்கள் அடுப்படியிலும் இருந்தது. பஞ்ச காலத்திலும் அம்மா அதில் கைவைத்ததில்லை.

*

2011 ஜனவரி. திருப்பூரில் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காக உயர்நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வேலை போன குடும்பங்களுக்காக முழங்காலில் நின்றோம். பட்டறைகள் திறக்க வேண்டும் என்று உபவாசமும் இருந்தோம். ஆற்றில் விட்ட சாயத்தண்ணீருக்காக, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்டுப்போன விவசாயிக்காக அன்று ஒரு வார்த்தை ஜெபித்ததாக எனக்கு நினைவில்லை. தலைமையில் இருந்த எங்களில் ஒருவராவது அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

*

வெள்ளி. நால்வரிடம் வாங்கினேன், மீதியை நான் போட்டேன். கோயில்பிள்ளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தபோது ரசீதில் கையெழுத்துப் போட அவர் பேனா தேடினார். கை நடுங்கியது. மளிகைக் கடை பாக்கியைப் பற்றி அவர் மனைவிதான் சொன்னார்.

சபைக் கமிட்டிகளில் இருக்கிறவர்களே, இந்த மாதம் கூடும்போது ஆரம்ப ஜெபத்துக்கு முன்பாகவே கேட்டுவிடுங்கள்: கோயில்பிள்ளைக்குச் சம்பளம் போய்ச் சேர்ந்துவிட்டதா?