முத்தாரம்மனும் மூடி போட்ட குப்பியும்!

திருநெல்வேலியில் பஸ் ஏறி, வள்ளியூர், பணகுடி தாண்டி முப்பந்தல் வந்ததும் ஜன்னலோர சீட்டுக்காரர்கள் கையிலிருக்கும் பேப்பரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது நல்லது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அப்படி! இருபுறமும் காற்றாலைகள் ராட்சச ஃபேன் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் பொட்டல் மறைந்து வயல், தென்னை, குளம் என்று சீனே மாறிவிடும். தோவாளையில் பூ வாசம் வந்தால் போதும்... 'நாஞ்சில் நாடு வந்தாச்சு' என்று மூக்கே சொல்லிவிடும்.

கன்னியாகுமரிக்கு வருகிற நம்மாட்கள் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சங்கு மாலை என்று வேலையை முடித்துக்கொண்டு ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். ஒருநாள் லீவு மிச்சமிருந்தால் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு டவுன் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு முத்தாரம்மன் கோயில் கண்ணில் படும். கொடை நடக்கும் நேரமாக இருந்தால் வில்லுப்பாட்டும் கேட்கலாம்.

முத்து என்றால் நகைக்கடை முத்து இல்லை சார், அம்மை முத்து! உடம்பில் போட்ட முத்துக்களை ஆற்றி இறக்குபவள் முத்தாரம்மன் என்று ஊரில் விளக்கம் சொல்கிறார்கள். ஒரு டீக்கடையில் ரசவடையைப் பிட்டுக்கொண்டே பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பெரியம்மை கண்ட வீட்ல வாசல்ல வேப்பிலை சொருவிருவாவ மக்ளே. வெளியாளு உள்ள போப்பிடாது. முன்னமே அம்மை கண்டவதான் பக்கத்துல இருப்பா. தலைக்குத் தண்ணி விட்ட பொறவுதான் மத்த பேச்செல்லாம்" என்றார். சட்டைக் கையைத் தூக்கி, அம்மை குத்திய தழும்பையும் காட்டினார்.

யோசித்துப் பார்த்தால், புனேயில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனத்தில் 2012-ல் தொடங்கிய உச்சகட்டப் பாதுகாப்பு ஆய்வகத்திலும் கிட்டத்தட்ட இதே சட்டம்தான். வேப்பிலைக்குப் பதில் ஒரே நேரத்தில் திறக்காத இரட்டைக் கதவு. கண்டவர் உள்ளே நுழைய முடியாது. உள்காற்று வடிகட்டாமல் வெளியே போகாது. வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும்!

ஆனால், வேப்பிலை மட்டும் பெரியம்மையை ஒழித்துவிடவில்லை. வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோன நோய் அது. இந்த மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். அங்கே ராணி கௌரி லட்சுமி பாய் காலத்திலேயே (1810-15) அம்மை குத்துவது வந்துவிட்டது. ஜனங்கள் பயப்படக்கூடாதென்று அரண்மனைக்காரர்களே முதலில் குத்திக்கொண்டார்களாம். அப்புறமும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம். உலகத்தில் இயற்கையாக வந்த கடைசி கேஸ் 1977 அக்டோபரில், சோமாலியாவில்.

'சுபம்' போட்டுவிடலாம் என்று நினைத்தபோதுதான் க்ளைமாக்ஸ்!

1978 ஆகஸ்ட். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் மருத்துவக் கல்லூரி. அங்கே ஜேனட் பார்க்கர் என்று ஒரு போட்டோகிராபர். வயது 40. விஞ்ஞானி இல்லை, வைரஸைத் தொட்டதும் இல்லை. அவருடைய அறைக்கு ஒரு மாடி கீழே பெரியம்மை ஆய்வகம் இருந்தது, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்குப் பெரியம்மை! செப்டம்பர் 11-ம் தேதி இறந்துபோனார். உலகத்தில் பெரியம்மையால் இறந்த கடைசி மனுஷி அவர்தான். தனிமையில் வைக்கப்பட்டிருந்தபோதே அவருடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியர் பெட்சன் மனம் உடைந்து தற்கொலை செய்துகொண்டார்.

வருஷக் கடைசியில் மூடவேண்டிய ஆய்வகம் அது. அதற்குள் வேலையை முடிக்க அவசரம். அந்த மே மாதமே உலக சுகாதார நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்த்து, பாதுகாப்பு போதாது என்று கவலைப்பட்டிருந்தார்கள். வைரஸ் காற்றுக் குழாய் வழியாக மேலே போனது என்றது விசாரணை அறிக்கை. கோர்ட்டில் அது நிரூபணமாகவில்லை. எந்த வழியாகப் போனதோ... போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் உலகத்தில் மிச்சமிருந்த குப்பிகளை இரண்டே இடத்தில் வைத்துப் பூட்டினார்கள். ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டா, இன்னொன்று ரஷ்யா. 1999 ஜூன் 30-ல் எல்லாவற்றையும் அழித்துவிடுவதாக நாள் குறித்தார்கள். நம்ம ஊர் மேம்பாலத் திறப்பு விழா மாதிரி அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. புது மருந்து கண்டுபிடிக்க வைரஸ் வேண்டும் என்கிறது ஒரு கட்சி. குப்பி இருக்கும்வரை ஆபத்தும் இருக்கும் என்கிறது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

நான் பி.காம். வைரஸ் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் ஸ்டாக் ரிஜிஸ்டர் தெரியும். 2014-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் பக்கத்திலுள்ள அரசு ஆய்வக வளாகத்தில், குளிர்அறையை ஒழித்தபோது ஒரு பழைய அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே 1954-ம் வருஷத்துப் பெரியம்மைக் குப்பிகள்! சோதித்தால் இரண்டு குப்பிகளில் வைரஸ் உயிரோடு இருந்தது. நம் வீட்டு ஃப்ரிட்ஜின் மூலையில் போன தீபாவளி லேகியம் கிடைப்பதுபோல! எந்தக் கணக்கிலும் வராத சரக்கு. நம் ஆபீஸில் பத்து ஸ்டேப்ளர் குறைந்தால் ஆடிட்டர் போடும் சத்தம் ஞாபகத்துக்கு வருகிறதா?

ஆகவே, அழிப்பதோ வைப்பதோ, முதலில் கணக்கு சரியாக இருக்கட்டும். அடுத்தது, ஆய்வகத்தின் மேல் மாடியில் போட்டோ பிடிப்பவர், தரை துடைப்பவர், வாசலில் நிற்கும் வாட்ச்மேன் எல்லோருக்கும், உள்ளே என்ன இருக்கிறது, ஜுரம் வந்தால் யாரிடம் ஓடவேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். விஞ்ஞானிக்கு ஆபத்து தெரியும். தெரிந்துதான் உள்ளே போகிறார். குமாஸ்தாவுக்கு அந்த வசதி கிடையாது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. டீக்கடைப் பெரியவர் கையில் இருந்த தழும்பு உங்களுக்கும் எனக்கும் இல்லை. நம் தோளில் இருப்பது காசநோய்க்காகப் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு. நோய் ஒழிந்ததால் பெரியம்மை ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஒருவேளை அந்தக் குப்பி உடைந்தால், தடுப்பு இல்லாமல் நிற்பது நம் தலைமுறைதான்.

இப்போது இங்கே வருவது சின்னம்மைதான். அது வேறு வைரஸ். அதற்கும் முத்தாரம்மனிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். கோயிலுக்குப் போனால் வெளியே மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியே, அட்லாண்டாவிலும் ரஷ்யாவிலும் ராத்திரி ஷிப்டில் பூட்டைச் சரிபார்க்கிற, பெயர் தெரியாத அந்த ஊழியர்களுக்காகவும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்!