டர்போவா, சூப்பர்சார்ஜரா? ஒரு பி.காம். மாணவன் போட்ட கணக்கு

போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்தேன். அதற்குப் பரிகாரமாக இந்த முறை கார். மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் எழுத வேண்டியதை ஒரு பி.காம். பையன் எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம். ஏனென்றால் இது பாதி இன்ஜின் விஷயம் என்றால், மீதிப் பாதி காசு விஷயம் :-)

கேள்வி என்னுடையது இல்லை. என் பெரியம்மா மகன் ஷார்ஜாவில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறார். எங்க ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டித்தான் இருப்பார். இந்த முறை லீவுக்கு வந்த காக்கா, வீட்டில் நிற்கும் 2019 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் காரை வேகமாக்க வேண்டும் என்றார். ஒரு பெரிய ஊர் பட்டறையில் இரண்டு விலை வாங்கி வைத்திருந்தார். டர்போ போட்டால் இரண்டரை லட்சம். சூப்பர்சார்ஜர் என்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மூன்றே கால் லட்சம். "தம்பி, நீ கணக்குப் படிக்கிறவன்தானே, எது லாபம்னு சொல்லு" என்றார். மூன்று லட்சம் என்பது அவருக்குப் பல மாதச் சேமிப்பு. கேலியாகப் பதில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. இன்ஜினுக்குச் சாப்பாடு பெட்ரோல் மட்டும் இல்லை, காற்றும்தான். 1 கிராம் பெட்ரோல் முழுசாக எரிய கிட்டத்தட்ட 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், காற்றை அப்படி ஊற்ற முடியாது. சாதாரண இன்ஜின் பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சுகிற காற்றோடு திருப்திப்பட வேண்டும். அதே சிலிண்டருக்குள் காற்றை அமுக்கித் திணித்தால், அதற்கு ஏற்ற பெட்ரோலையும் சேர்த்து எரிக்கலாம், சக்தி கூடும். காற்றழுத்தத்தை 0.4 பார் கூட்டினால், ஏட்டுக் கணக்கில் 1.4 மடங்கு காற்று. காக்காவின் ஸ்விஃப்டில் இருப்பது 83 குதிரைத்திறன். 1.4-ஆல் பெருக்கினால் 116. நடைமுறையில் கொஞ்சம் குறையும். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

காற்றைத் திணிக்க இரண்டு வழி. அங்கேதான் டர்போவும் சூப்பர்சார்ஜரும் பிரிகின்றன.

இதை நம்ம பக்கத்து அரிசி ஆலையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். புழுங்கல் அரிசி ஆலையில் நெல்லை அவிக்க நீராவி வேண்டும். அந்தக் கொதிகலனுக்கு எரிபொருள் எது? அரைத்தபின் மிஞ்சுகிற உமி. வீணாகப் போக வேண்டிய பொருளே அடுத்த மூட்டை நெல்லை அவிக்கிறது. டர்போ அந்த வகை. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையில் ஒரு சக்கரத்தைச் சுழல விட்டு, அதே அச்சில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்குவது. அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே கூடப் போகும். காஸ்ட் அக்கவுண்டிங் பாஷையில் சொன்னால், துணைப் பொருளைக் காசாக்குவது. புகை வெளியேறும் பாதையில் ஒரு தடை வருவதால் முழுக்க இலவசம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மலிவு.

சூப்பர்சார்ஜர் வேறு மாதிரி. ஆலைக்காரர் கூலியாக அரைத்த அரிசியிலேயே ஒரு பங்கை அளந்து எடுத்துக்கொள்வது போல. இன்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் போட்டு காற்று அமுக்கியைச் சுற்ற வேண்டும். அதற்கான சக்தி, இன்ஜின் சம்பாதித்த சக்தியிலிருந்தே முதலில் போய்விடும். நிறையக் கொடுக்கும், ஆனால் கமிஷனை முன்னாலேயே எடுத்துக்கொண்டுதான் கொடுக்கும்.

அப்படியென்றால் டர்போதானே நல்லது, கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். முடியவில்லை. டர்போ கடன் வியாபாரம், சூப்பர்சார்ஜர் ரொக்க வியாபாரம்.

சூப்பர்சார்ஜர் இன்ஜினோடு பெல்ட்டில் கட்டப்பட்டிருப்பதால், ஆக்ஸிலேட்டரை மிதித்த அந்த நொடியே காற்று கிடைக்கும். டர்போவில் முதலில் புகை கூட வேண்டும், சக்கரம் வேகம் எடுக்க வேண்டும், அப்புறம்தான் காற்று. இந்தத் தாமதத்துக்கு டர்போ லேக் என்று பெயர். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பழைய ரயில் இன்ஜின்களைச் சொல்லலாம். தென்னக ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.டி.எம்.4 டீசல் இன்ஜின், அகலப் பாதையில் ஓடிய 2600 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எம்.2, இரண்டுமே டர்போ பொருத்திய ஆல்கோ வகை. ஸ்டேஷனிலிருந்து கிளம்பும்போது கறுகறுவென்று புகை கக்கும். வாப்பா இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவார். டீசல் முதலில் வந்துவிட்டது, டர்போ இன்னும் சுழன்று காற்றைக் கொடுக்கவில்லை, அரைகுறையாக எரிந்த டீசல்தான் அந்தக் கறுப்பு. வண்டி வேகம் பிடித்ததும் புகை வெளுத்துவிடும். டர்போ லேக்குக்கு இதைவிட நல்ல படம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

வரலாறும் இந்த இரண்டுக்கும் சண்டைதான். வயதில் மூத்தது சூப்பர்சார்ஜர். அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கிய காற்று ஊதி, உலைகளுக்கு ஊதத்தான் முதலில் பயன்பட்டது. பிறகு கார் இன்ஜினுக்கு வந்தது. டர்போவுக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் கடையில் விற்கும் காருக்கு அது வர 1962 ஆகிவிட்டது, அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கோர்வேரும். 1983 உலக ராலி போட்டியில் டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட ஆடி குவாட்ரோவை, பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட சூப்பர்சார்ஜர் லான்சியா 037 தோற்கடித்து, தயாரிப்பாளர் பட்டத்தை வாங்கியது. வளைவில் மிதித்த உடனே சக்தி கிடைப்பதற்காகவே லான்சியா சூப்பர்சார்ஜரைத் தேர்ந்தெடுத்தது. அதே லான்சியா 1985-இல் டெல்டா எஸ்4 காரில் இரண்டையும் சேர்த்தே போட்டது. கீழ் வேகத்துக்கு சூப்பர்சார்ஜர், மேல் வேகத்துக்கு டர்போ. ரொக்கமும் கடனும் சேர்ந்த வியாபாரம்!

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து, 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்று இரண்டு கார்களை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். ஜெயம், கார் பந்தயத்தில் ஊறிய கம்பெனி. சாதாரண டியாகோ பெட்ரோலில் 1.2 லிட்டர் இன்ஜின், 85 குதிரைத்திறன். ஜே.டி.பி.யில் அதே 1.2 லிட்டர் அளவு, டர்போவுடன், 114 குதிரைத்திறன். மேலே நாம் போட்ட 116 கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ஏறக்குறைய அங்கேயே வந்து நிற்கிறது பாருங்கள். டெல்லி ஷோரூம் விலை டியாகோவுக்கு 6.39 லட்சம்.

நான் முக்கியமாகக் கவனித்தது வேறு. அவர்கள் டர்போவை மட்டும் மாட்டி அனுப்பவில்லை. கியர் விகிதங்களை மாற்றினார்கள், சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், அகலமான டயரும் 15 அங்குலச் சக்கரமும் போட்டார்கள். பந்தயம் தெரிந்தவர்களுக்கே 30 குதிரை கூடினால் இவ்வளவையும் மாற்ற வேண்டியிருந்தது. 2020-இல் பாரத் 6 மாசு விதி வந்தபோது அந்த இரண்டு காரும் நின்றுபோனது வருத்தம்தான்.

சரி, அவர்களும் சரி, மாருதி, ஹூண்டாய், ஃபோக்ஸ்வாகனும் சரி, நம் நாட்டுச் சின்னக் கார்களில் எல்லோரும் ஏன் டர்போ பக்கமே போனார்கள்? இங்கேதான் என் பாடம் வருகிறது. 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் ஆனது. சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.க்குள். இந்தக் கோடு இன்றுவரை அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், கோட்டைத் தாண்டினால் 40. ஆக, வேகமான கார் வேண்டும், இன்ஜின் 1200 சி.சி.யைத் தாண்டவும் கூடாது. காற்றைத் திணிப்பதுதான் வழி. சூப்பர்சார்ஜராலும் திணிக்கலாம், ஆனால் அது மைலேஜைத் தின்னும். நம் மக்கள் பந்தயக் காரிடமும் "எவ்ளோ கொடுக்குது?" என்றுதான் கேட்பார்கள். 2015-இல் வந்த அபார்த் புன்டோவில் 145 குதிரைத்திறன் இருந்தது, ஆனால் இன்ஜின் 1.4 லிட்டர். வரிக்கோட்டுக்கு வெளியே. நல்ல கார்தான், அதிகம் ஓடவில்லை.

லேக் என்ன ஆனது என்று கேட்டால், சின்ன டர்போ போட்டுக் குறைத்துவிட்டார்கள். சக்கரம் சிறியது என்றால் சீக்கிரம் சுழலும். ஹூண்டாய் ஐ20 என் லைனின் 1 லிட்டர் டர்போ இன்ஜின், 1500 சுற்றிலேயே தன் முழு 172 நியூட்டன் மீட்டர் இழுவையைக் கொடுக்கிறது. கடன் வியாபாரம்தான், ஆனால் தவணை ரொம்பக் குறுகிவிட்டது.

இப்போது காக்காவின் ஸ்விஃப்ட். ஷார்ஜா பக்கம் மணல்மேட்டில் ஏறும் பெரிய வண்டிகளைப் பார்த்துத்தான் அவருக்கு சூப்பர்சார்ஜர் ஆசை. மணலில் உடனடி இழுவை வேண்டும், அங்கே இன்ஜினும் பெரியது, கமிஷன் போனாலும் தெரியாது. 1200 சி.சி. இன்ஜினில் கமிஷன் போனால் மிச்சம் என்ன? அதனால் முதலில் சூப்பர்சார்ஜரை அடித்தேன்.

டர்போ கிட்? ஸ்விஃப்டின் அமுக்க விகிதம் 11-க்கு 1. தானாக உறிஞ்சும் இன்ஜினுக்காகக் கணக்குப் பண்ணி வைத்தது. அதில் கூடுதல் காற்றைத் திணித்தால், பெட்ரோல் நேரம் தவறித் தானே வெடிக்கும். நாக்கிங் என்பார்கள், பிஸ்டனையே ஓட்டை போடும். கத்திரி வெயிலில் காற்றும் சூடு, அபாயம் இன்னும் கூடும். அதைத் தடுக்க இன்டர்கூலர் வேண்டும், கம்ப்யூட்டர் டியூனிங் வேண்டும், கிளட்ச் மாற்ற வேண்டும். இரண்டரை லட்சம் எங்கே போய் நிற்கும் என்று பட்டறைக்காரரே உறுதியாகச் சொல்லவில்லை.

இன்னொரு செலவு விலைப்பட்டியலில் இல்லவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தப்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக் கட்டிவிடலாம். நாளைக்கு ஒரு விபத்து நடந்து, சொல்லாமல் மாற்றிய வண்டி என்று இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்தால்? அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? பேலன்ஸ் ஷீட்டில் இதற்கு எதிர்பாராப் பொறுப்பு என்று பெயர். அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும், வந்தால் கம்பெனியையே சாய்த்துவிடும்.

ஓட்டப் போகிற ரோடு எது? பட்டுக்கோட்டை ரோடும் கிழக்குக் கடற்கரைச் சாலையும். அறுவடை நேரத்தில் ரோட்டின் பாதியில் நெல் காயும், அறுப்பு மெஷின் ஊர்ந்து போகும், உப்பு லாரி திரும்பும், ஆடு குறுக்கே வரும், சாயங்காலம் சைக்கிளில் பிள்ளைகள் வரும். இந்த ரோட்டில் உண்மையில் வேண்டியது, 40-இலிருந்து 80-க்குப் போய் ஒரு பஸ்ஸை முந்துகிற இழுவை. அதைவிட முக்கியம், 80-இலிருந்து பூஜ்யத்துக்கு வருகிற பிரேக். வேகத்தை முழுசாகப் பார்க்க ஆசை என்றால் கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். தெருவில் ஓட்டும் சின்னக் காருக்கு இரண்டில் ஒன்று என்றால் டர்போதான். அதுவும் சின்ன டர்போ, கம்பெனியிலேயே பொருத்தி, அதற்கென்றே இன்ஜினைக் கட்டி, வாரண்டியோடு வருவது. சூப்பர்சார்ஜர் பெரிய இன்ஜினும் பெரிய பர்ஸும் உள்ளவர்களுக்கு. இருக்கிற காரில் வெளியே வாங்கி மாட்டுவது இரண்டுமே நஷ்டக் கணக்கு.

காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். காக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "டர்போ காரே வாங்கணும்னா இதை வித்து மேலே எவ்வளவு போடணும்?" என்று கேட்டார். அந்தக் கணக்கையும் போட்டோம். அடுத்த வருஷம் அவர் தங்கச்சி கல்யாணம் இருக்கிறது, அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று அவரே சொன்னார். நல்ல டயர் நான்கு, புது பிரேக் பேட், இரண்டும் மாற்றிக்கொண்டார். வண்டி இன்னும் அதே 83 குதிரைதான். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.