தேயிலைத் துணுக்கும் டிரம்பெட்டும்

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வால்பாறை வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. தேயிலைச் செடிகளின் மேல் பனி இன்னும் படுத்துக் கிடந்தது. எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒன்பது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து உதட்டால் 'பர்ர்ர்' என்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை டிரம்பெட் வகுப்பு. டிரம்பெட்டை மட்டும் காணோம்.

"மொதல்ல உதடு பேசணுமுங்க. அப்புறந்தான் பித்தளை பேசும்" என்றார் மாஸ்டர். வார நாட்களில் தேயிலை ஃபேக்டரி வேலை. கிறிஸ்துமஸ், கோயில் நோம்பி, கல்யாணம் என்றால் பேண்டு செட். "சாவு வீடுதான் வருசம் பூராக் கஞ்சி ஊத்துது" என்று சிரிக்காமல் சொன்னார்.

ஒரு சிறுமி கன்னம் உப்ப ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது. மாஸ்டர் அவள் எதிரில் குந்தினார். "டீ குடிக்கறப்போ தூள் நாக்கு நுனியில ஒட்டிக்குமில்ல கண்ணு? அதைத் துப்பு பாக்கலாம்." அவள் 'தூ' என்றாள். "அதேதான். இப்ப மவுத்பீஸ்ல துப்பு." சுருக்கென்று ஒரு ஒலி தெறித்தது. எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்கு இவ்வளவு கிட்டத்தில் உவமை சொல்லியிருக்காது.

பிறகுதான் பெட்டி திறந்தது. வால்வு மூன்றையும் தொடாமல், உதட்டை இறுக்கியே ச, ப, மேல் ச, மேல் க என்று ஏறினார் மாஸ்டர். கொங்குக் கோயில்களில் ஊதும் கொம்புக்கும் தாரைக்கும் வால்வு ஏது? உதடும் மூச்சும்தான். மேற்கத்திய டிரம்பெட்டும் அப்படித்தான் இருந்தது. 1818-இல் ஸ்டோல்செல், புளூமெல் என்ற இரு ஜெர்மானியர்கள் வால்வுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகே இடையில் விட்டுப்போன சுரங்கள் எல்லாம் அதற்கு எளிதில் வசப்பட்டன.

அன்றைய குளிரில் சுருதி இறங்கியே நின்றது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும்; குழலுக்குள் 10 டிகிரி குறைந்தால் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இறங்கிவிடும். பிள்ளைகள் சத்தமில்லாமல் வெறும் மூச்சை உள்ளே விட்டுக் குழலைச் சூடேற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சாவியைத் திறந்தால் தரையில் சொட்டுச் சொட்டாக நீர். எச்சில் என்று முகம் சுளித்தேன். மூச்சின் ஈரம் பித்தளையில் குளிர்ந்து நீரானது என்று ஒரு பையன் எனக்குப் பாடம் எடுத்தான்.

முன்பல் இரண்டும் விழுந்த பொடியன் ஒருவன் ஓரமாகத் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். மவுத்பீஸ் அழுந்துவது முன்பற்களின் மேல். "பல்லு மொளைக்கட்டும் சாமி, உனக்கும் உண்டு."

ஒன்பது பேருக்கு மூன்றே டிரம்பெட். ஒருவர் ஊத இருவர் காத்திருக்கிறார்கள். புதிய உதடு சீக்கிரம் சோர்ந்துவிடும். ஊதிய அளவுக்காவது ஓய்வு தேவை. ஆக, இந்தப் பற்றாக்குறையே நல்ல பயிற்சிமுறையாக அமைந்துவிட்டது என்று நான் வியந்தேன். மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னும் ஆறு இருந்தா வேண்டாம்னா சொல்லுவனுங்க? ஒம்பது பேரும் சேந்து ஊதி, சேந்து ஓய்வெடுப்பாங்க." என் வியப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கே வகுப்பு முடிந்தது. சிறுத்தையும் யானையும் நடமாடும் காடு. இருட்டுக்கு முன் பிள்ளைகள் லைனுக்குப் போய்விட வேண்டும். டிரம்பெட்டுகள் பெட்டிக்குள் போயின. ஒற்றைச் சுவரைப் பங்கு போட்டுக்கொள்ளும் லைன் வீட்டில் அவற்றை ஊத முடியாது. மவுத்பீஸ் மட்டும் முறை வைத்து வீட்டுக்குப் போகிறது. இந்த வாரம் அந்தச் சிறுமியின் முறை. கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தேயிலைக்குள் இறங்கும் பாதையில் அவள் தலை மறைந்தது. கொஞ்சம் பொறுத்து, செடிகளுக்கு நடுவிலிருந்து 'தூ' என்று ஒரு கீச்சொலி.