மூணு நோ பாலும் ஒரு எக்செல் கோப்பும்

யாரு ஜெயிப்பாங்கன்னு பந்தயம் கட்டுறதெல்லாம் பழைய கதை மக்களே. இங்கிலாந்துல முதல் ஓவர்ல எத்தனை ரன், மொத்தம் எத்தனை சிக்ஸர், ஃபுட்பால்னா எத்தனை கார்னர், எத்தனை மஞ்சள் அட்டைன்னு எதுக்கு வேணும்னாலும் காசு கட்டலாம். அங்கே அது சட்டப்படி நடக்கிற தொழில். (இந்தியாவுல, காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை போட்டு 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் சட்டமே நிறைவேத்திடுச்சு.)

என் காலேஜ் தோஸ்த் ஒருத்தன் லீட்ஸ்ல ஆன்சைட்ல பொட்டி தட்டுறான். அவன் கட்சி இதுதான்: "மாப்ள, யாரு ஜெயிப்பான்னு உலகமே கணக்கு போடுது, அதுல நமக்கு ஒண்ணும் தேறாது. கார்னர் எத்தனைன்னு எவன் உக்காந்து யோசிப்பான்? அங்கதான் நம்ம மூளைக்கு வேலை."

பயபுள்ள சொல்றதுல பாதி சரி. ஒரு கோல் பின்தங்கின டீம் முட்டி மோதித் தாக்கும், கார்னர் கூடும். மஞ்சள் அட்டை எத்தனைங்கிறது ஆடுறவங்களைப் போலவே நடுவரையும் பொறுத்தது. பெங்களூரு சின்னசாமி மைதானம் சின்னது, ஊரும் கடல்மட்டத்துல இருந்து 900 மீட்டர் உயரம், பந்து பறக்கும். இதெல்லாம் ஸ்கோர்கார்டுல முழுசாத் தெரியாத சங்கதிகள். உக்காந்து தோண்டுறவனுக்கு ஏதாவது கிடைக்கத்தான் செய்யும்.

மீதி பாதியில தான் வில்லங்கம். பூவா தலையா மாதிரி சரிசமமான பந்தயம்னா, 1 ரூபாய்க்கு 2 ரூபாய் திரும்பி வரணும். கடைக்காரன் தர்றது 1.91. அதாவது நூத்துக்கு 52.4 தடவை ஜெயிச்சாத்தான் போட்ட காசாவது கைக்கு வரும். நாலு பந்தயத்தை ஒண்ணா கோத்துக் கட்டினா இந்தக் கழிவும் பெருக்கிக்கிட்டே போகும். 100 ரூபாய்க்கு சராசரியா 83 தான் திரும்பும். கார்னர் மாதிரி சில்லறை பந்தயங்கள்ல கடைக்காரன் கழிவை இன்னும் ஏத்தி வைப்பான், பெரிய தொகையும் வாங்க மாட்டான். தொடர்ந்து ஜெயிக்கிறவனோட கணக்குக்கு வரம்பு போடுறதும் அங்கே சகஜம்.

நண்பன் எக்செல் அனுப்பினான். 200 பந்தயம், ஒவ்வொண்ணும் 20 பவுண்டு, விலை 1.91. ஜெயிச்சது 104. "பாதிக்கு மேல மாப்ள!"ன்னு ஒரே குஷி. கூட்டிப் பார்த்தா 27 பவுண்டு நஷ்டம். :-) இன்னொண்ணு, 200 தடவை காசு சுண்டினாலே 7 கூடக் குறைய வர்றது சாதாரணம். 104ங்கிறது திறமையா அதிர்ஷ்டமான்னு அந்தக் கோப்பை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. அவனோ வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட சேர்த்த காசை எடுத்து, ஒரு பந்தயத்துக்கு 200 பவுண்டு போடப் போறேங்கிறான்.

கணக்கை விடுங்க, இன்னொரு சிக்கல் இருக்கு. மேட்சோட முடிவை மாத்த பல பேர் சேரணும். சில்லறை விஷயத்தை மாத்த ஒருத்தன் போதும். 1995 ஏப்ரல்ல சவுத்தாம்ப்டன் - விம்பிள்டன் ஆட்டத்துல முதல் த்ரோ எப்போ வரும்னு இருந்த பந்தயத்துக்காக, மேட் லி டிஸ்ஸியே ஆரம்பத்துலயே பந்தை வெளியே தள்ளப் பார்த்தார். விஷயம் தெரியாத சக ஆட்டக்காரர் ஓடிப்போய் பந்தை உள்ளேயே வச்சுட்டார்! 2009ல வந்த சுயசரிதையில அவரே சொன்ன கதை இது. சிரிச்சுக்கலாம். 2010 லார்ட்ஸ் டெஸ்ட்ல சிரிக்க ஒண்ணுமில்ல. ஏற்கனவே பேசி வச்சபடி விழுந்த நோ பால் மூணு. 2011 நவம்பர்ல சல்மான் பட்டுக்கு 30 மாசம், ஆசிஃபுக்கு 12 மாசம், ஆமிருக்கு 6 மாசம் சிறைத்தண்டனை. நோ பால் போட்டப்போ ஆமிருக்கு வயசு 18. இப்படி ஒரு ஆட்டக்காரன் காலடியில இருக்கிற விஷயத்தை எந்த எக்செல் கணிக்கும்?

எவ்வளவு கட்டலாம்னு சொல்ல 1956லயே பெல் ஆய்வகத்து ஜான் கெல்லி ஒரு சூத்திரம் தந்துட்டார். லாப விகிதத்தை ஜெயிக்கிற வாய்ப்போட பெருக்கி, தோக்குற வாய்ப்பைக் கழிச்சு, மறுபடி லாப விகிதத்தால வகுங்க. 1.91 விலையில உங்க வாய்ப்பு நிஜமாவே 55% இருந்தா, கையிருப்புல 5.5% கட்டலாம். 52%னா விடை மைனஸ்ல வரும். அதாவது கட்டாதேன்னு அர்த்தம்.

இந்த வரியை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். "சூத்திரத்துல 55 போட்டா சரியா வருது மாப்ள"ன்னு பதில் வந்துச்சு. சூத்திரம் யார் எதைப் போட்டாலும் விடை தரும். 55ஐ எங்கிருந்து எடுத்தேன்னு கேட்டிருக்கேன். அட்வான்ஸ் காசு இன்னும் பேங்க்ல தான் இருக்குன்னு சொல்றான்.

டிஸ்கி: கார்னர் எண்ணுறது ஜாலியான வேலை தான். காசு கட்டாம எண்ணிப் பாருங்க.