நாலு மணிக்கே ராத்திரி!

டிசம்பர் மாத கோபன்ஹேகனில், மத்தியானச் சாப்பாட்டை முடித்து ஒரு காபி குடித்துவிட்டு நிமிர்ந்தால் ராத்திரி! மிகையில்லை சார். டிசம்பர் 21 வாக்கில் காலை எட்டரைக்கு மேல்தான் சூரியன் டியூட்டிக்கே வருகிறார். மூன்றே முக்காலுக்கு முன்பே கிளம்பிவிடுகிறார். மொத்தம் ஏழு மணி நேரம். அதிலும் பெரும்பாலான நாட்கள் மேகத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஓ.பி.!

அங்கே கணக்கு உத்தியோகத்தில் இருக்கும் கல்லூரி நண்பனோடு பத்து நாள் தங்கினேன். அவனுடைய முதல் குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"குளிர் ஒண்ணும் பண்ணலைடா. கோட்டு போட்டா போச்சு. இந்த இருட்டுதான்... நவம்பர்லேர்ந்து யார்கிட்டயும் பேசவே பிடிக்கலை. ஞாயித்துக்கிழமை முழுக்கப் படுக்கைதான். குரலை வெச்சே அம்மா கண்டுபிடிச்சுடுவாங்கன்னு வீட்டுக்கு போன்கூடப் பண்ணலை."

கல்லூரியில் நாலு பேர் பேச்சை ஒருத்தனே பேசுகிறவன் அவன்!

இருட்டை விரட்ட, வீட்டில் இருந்த அத்தனை விளக்கையும் எரியவிட்டுப் பார்த்தானாம். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆனதுதான் மிச்சம். அப்புறம் ஒருநாள் ஆபீஸ் சகா ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். போனால் பெரிய விளக்கு எல்லாம் அணைந்திருக்கிறது. மேஜையில் நாலைந்து மெழுகுவர்த்தி, காலில் கம்பளி சாக்ஸ், லவங்கப்பட்டை மணக்கும் கேக், சீட்டுக்கட்டு.

"என்ன விசேஷம்னு கேட்டேன். செவ்வாய்க்கிழமைன்னார்!"

இதற்கு டேனிஷ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹூகெ'. சூடான போண்டாவை வாயில் வைத்துக்கொண்டு சொன்னால் உச்சரிப்பு ஏறக்குறைய சரியாக வரும். கதகதப்பு, நிம்மதி, நெருக்கம் மூன்றையும் கலந்த ஒரு வார்த்தை. 2016-ல் இதைப் பற்றிய புத்தகங்கள் ஆங்கிலத்தில் சக்கைப்போடு போட்டன. உடனே உலகமெங்கும் கடைக்காரர்கள் கம்பளியும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பிவிட்டார்கள். பி.காம். படித்த தோஷம், எனக்கு விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. டென்மார்க்கில் விற்பனை வரியே 25 சதவிகிதம். அப்படியிருந்தும் இந்தச் சமாசாரத்தில் நிஜமாகவே வேண்டியதெல்லாம் மலிவானவைதான்.

விலை உயர்ந்தது நேரம். அதை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். முழுநேர வேலை என்றால் வாரத்துக்கு 37 மணி நேரம். நாலு, நாலரைக்கெல்லாம் ஆபீஸ் காலி. ஏழு மணி வரை ஃபைலைக் கட்டிக்கொண்டு அழுபவனை யாரும் தியாகி என்று பார்ப்பதில்லை. 'பாவம், வீட்டில் என்ன பிரச்னையோ' என்றுதான் பார்ப்பார்களாம்.

வெளிச்சத்தில் இவர்கள் பெரிய ரசிகர்கள். பவுல் ஹென்னிங்சன் என்ற வடிவமைப்பாளர் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவர். மின்சார பல்பு கண்ணைக் குத்துகிறதே என்று 1920-களில் அடுக்கடுக்கான மறைப்புகளோடு ஒரு விளக்கு செய்தார். இன்றும் விற்கிறது. மெழுகுவர்த்திக்கு டேனிஷில் 'உயிருள்ள வெளிச்சம்' என்று பெயர். ஜாலியைக் கெடுக்கிற ஆசாமிக்கு என்ன பட்டம் தெரியுமா? 'மெழுகுவர்த்தி அணைப்பவன்'! நம் ஆபீஸ்களில் ரெண்டு பேராவது தேறுவார்கள்.

டிசம்பரில் இன்னொன்று. 1 முதல் 24 வரை கோடு போட்ட மெழுகுவர்த்தி. தினம் ஒரு கோடு அளவுக்கு எரித்து அணைத்துவிட வேண்டும். நண்பன் வீட்டிலும் ஒன்று இருந்தது. தினமும் சாயங்காலம் அவன் அதைப் பார்க்கிற பார்வை, சம்பளத் தேதியை எண்ணும் குமாஸ்தாவின் பார்வை.

ஆனால் இந்த வட்டத்துக்குள் வெளியாள் நுழைவது லேசில்லை. அதே ஆபீஸில் பத்து மாதம் வேலை பார்த்த பிறகுதான் அவனுக்கு அந்த முதல் அழைப்பு வந்தது. அதுவரை அவனும் தனியாக மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்திருக்கிறான். "கரன்ட் போன மாதிரிதான்டா இருந்துச்சு" என்றான். செவ்வாய்க்கிழமை நமக்காக ஒருத்தர் காத்திருப்பார் என்பதுதான் அவனைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. அதையும் மீறி மனசு சாய்ந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும். காலையில் பிரகாசமான விளக்கின் முன் உட்காரவைக்கும் சிகிச்சையெல்லாம் இருக்கிறது.

நான் கிளம்புவதற்கு முந்தின செவ்வாய், அவன் வீட்டு முறை. மூன்று டேனிஷ்காரர்கள் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். காபிக் கோப்பைகளில் மிளகு ரசம் ஊற்றிக் கொடுத்தான். ஒருவர் மூன்றாவது கோப்பை கேட்டு வாங்கி, புரையேறி, கண்ணில் தண்ணீரோடு இருமினார். முதுகைத் தட்டினார்களே தவிர, யாரும் எழுந்து லைட்டைப் போடவில்லை.